கேடிஇ பிளாஸ்மா 6: கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

லினக்ஸ்ல எந்த டெஸ்க்டாப் (பேனல், மெனு, விண்டோனு திரையில தெரியற மொத்தத்தையும் பாத்துக்கற சாஃப்ட்வேர்) போடலாம்னு யாராச்சும் கேட்டா யோசிக்காம பிளாஸ்மானுதான் சொல்லுவேன், அதுவும் 2024 பிப்ரவரில 6 வந்ததுக்கப்புறம் வேற எதையும் மனசு தேடல.

முக்கிய காரணம் பேனல், அதாவது மெனுவும் ஓடுற ஆப்பும் வரிசையா இருக்குற பட்டை. இப்ப வர்ற மானிட்டர்ல அகலம் தாராளமா கெடக்கு, உயரம்தான் பத்தாது, அதனால எனக்கு பேனல் இடது பக்கம் நெட்டுக்குத்தா இருக்கணும். இங்க ரைட் க்ளிக் பண்ணி எடிட் மோடு போனா உடனே நகத்திடலாம். 6ல புதுசா ஒரு ஆப்ஷன் இருக்கு, விண்டோ கிட்ட வந்தா மட்டும் பேனல் ஒளிஞ்சுக்கும், ரொம்பப் புடிச்சது. டீஃபால்ட்டா வர்ற மிதக்குற பேனலை மட்டும் ஆஃப் பண்ணிடுவேன், ஓரத்துல அந்த இடைவெளி கண்ணை உறுத்துது. க்னோம்ங்கற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்ல இதே வேலைக்கு எக்ஸ்டென்ஷன் (தனியா சேக்குற துணை ப்ரோக்ராம்) வேணும், 2023ல க்னோம் 45 வந்தப்ப பழைய எக்ஸ்டென்ஷன் எதுவும் திருத்தி எழுதுற வரைக்கும் ஓடல, அந்தத் தலைவலி இங்க இல்ல.

மெட்டா (விண்டோஸ் கீ) + T அமுக்குனா திரையை நம்ம விருப்பத்துக்கு கட்டம் பிரிச்சுக்கலாம், அப்புறம் ஷிஃப்ட்டை அமுக்கிட்டே விண்டோவை இழுத்தா கட்டத்துல போய் உக்காந்துக்கும். தானா அடுக்காது, ஒவ்வொண்ணா நாமதான் இழுக்கணும். எனக்கு அது போதும்.

தமிழுக்கு ரெண்டு விஷயம். டீஃபால்ட் ஃபாண்ட் அளவு 10, அதுல நம்ம எழுத்து நெருக்கியடிச்சுத் தெரியும், 11 வைங்க. வேலண்ட்ல (திரையில விண்டோவைக் காட்டுற புது முறை) தமிழ்99 கீபோர்டுல அடிக்க எஃப்சிஐடிஎக்ஸ்5ங்கற (Fcitx5) டைப்பிங் சாஃப்ட்வேரைப் போட்டுட்டு செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுங்கற இடத்துல அதையே தேர்ந்தெடுக்கணும், அங்க போய் தேடணும்னு புதுசா வர்றவங்களுக்கு எப்படித் தோணும் சொல்லுங்க.

குளோபல் தீம் இறக்குறப்ப ஜாக்கிரதை. அது வெறும் கலரும் ஐகானும் இல்ல, உள்ள ப்ரோக்ராம் கோடும் (code) ஓடும். 2024 மார்ச்ல அப்படி ஒரு தீம் போட்ட ஒருத்தரோட ஃபைலெல்லாம் அழிஞ்சு போச்சு, பிளாஸ்மாவை உருவாக்குற கேடிஇ டீமே எச்சரிக்கை விட்டாங்க. அதனால நான் பிளாஸ்மாவோடவே வர்ற ப்ரீஸ் தீமை வெச்சுக்கிட்டு ஆக்சென்ட் கலரை மட்டும் வால்பேப்பர்லேர்ந்து எடுத்துக்க விட்டுடுவேன், பாக்க லட்சணமாவே இருக்கு.

ஒரே குறை, இவ்ளோ மாத்துன செட்டிங்க்ஸ் கான்ஃபிக் ஃபோல்டர்ல பல ஃபைலா சிதறிக் கெடக்கு. மொத்தத்தையும் ஒரே பட்டன்ல எடுத்து அடுத்த மெஷின்ல போடுற வசதியை சீக்கிரம் குடுக்கணும்.