எத்தனால் மீட்டரை நம்பி எஞ்சினைப் பறிகொடுத்தேன்: சூப்பர்சார்ஜர் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, நானும் என் மஸ்டாங்குக்கு ஃபிளெக்ஸ் ஃப்யூயல் போடப்போறேன். நீங்க போன கடையிலதான் முன்பணம் கட்டியிருக்கேன்" என்றார். ஃபிளெக்ஸ் ஃப்யூயல் என்றால் பெட்ரோல், எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள் இரண்டிலும் ஓடும்படி வண்டியை மாற்றுவது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நடந்ததை இத்தனை மாதம் வெளியில் சொல்லாமல் இருந்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. ஆனால் அவர்கள் செய்த அதே வேலையை எந்த ஊரில் எந்தக் கடையும் செய்யலாம். அதனால் கடையின் பெயரைவிட ஏமாற்றிய விதம் உங்களுக்குத் தெரிவதுதான் முக்கியம்.

என் வண்டி 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார். 5 லிட்டர் வி8, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் விகிதம்) 11-க்கு 1. சில வருடங்களுக்கு முன் வேறொரு கடையில் சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஏற்றி, 91 ஆக்டேன் (எரிபொருள் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) பெட்ரோலுக்கு டியூன் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி வைத்திருந்தேன். ஒரு நாள்கூடத் தொந்தரவு தந்ததில்லை. ஆனால் மினசோட்டாவில் இருந்துகொண்டு இ85 (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல்) மேல் ஆசை வராமல் இருப்பது கஷ்டம். சுற்றிலும் சோளக்காடு, எத்தனால் ஆலை; பக்கத்து பங்கிலேயே இ85 கிடைக்கும், விலையும் குறைவு. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் அழுத்திச் சூடாக்கிய காற்று அதனால் குளிரும். நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) எளிதில் வராது, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம்) முன்னே தள்ளலாம், சக்தி கூடும். இதெல்லாம் உண்மை. பொய் இருந்தது கடைக்காரர் சொன்னதில்தான்.

அவர் சொன்னது இது: "சென்சார் போட்டுவிடுகிறோம். இன்று இ85, நாளை பெட்ரோல், எதை வேண்டுமானாலும் ஊற்றுங்கள். வண்டி தானே பார்த்து மாற்றிக்கொள்ளும்." 3,800 டாலர். பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், எத்தனால் சென்சார், உள்ளே டேஷ்போர்டில் எத்தனால் சதவீதம் காட்டும் ஒரு மீட்டர், டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) டியூன். கூடவே சூப்பர்சார்ஜர் புல்லியையும் (அதைச் சுழற்றும் பெல்ட் சக்கரம்) சின்னதாக மாற்றினார்கள். பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி என்றார்கள், கொடுத்தேன். ரசீதில் "எரிபொருள் வேலை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டைனோ தாளைக் காட்டினார்கள், அதில் இருந்தது இ85 ஓட்டம் மட்டுமே. பெட்ரோலில் ஓட்டிய தாள் எங்கே என்று நான் கேட்கவில்லை. டைனோவில் ஓடும்போது பதிவான லாக் ஃபைலைக் கேட்டேன். "அது எங்கள் தொழில் ரகசியம்" என்றார்கள். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

கோடை முழுக்க இ85-இலேயே ஓடியது, பிரமாதமாக ஓடியது. மீட்டர் 78, 80 என்று காட்டும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பங்குக்குப் போனால் இ85 குழாய்க்கு உறை போட்டு மூடியிருந்தார்கள். சரி, வண்டிதான் எதையும் ஏற்றுக்கொள்ளுமே என்று 91 பெட்ரோலை நிரப்பினேன். டேங்கில் ஏறத்தாழ 4 கேலன் மிச்சம் இருந்தது, 12 கேலன் ஊற்றினேன். கொஞ்ச தூரம் போனதும் மீட்டர் மெதுவாக இறங்கி 28-இல் நின்றது. கணக்கும் சரியாகத்தான் வந்தது: 4 கேலன் இ80 (80 சதவீதம் எத்தனால்), 12 கேலன் இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்த வழக்கமான பெட்ரோல்) சேர்ந்தால் 27.5 சதவீதம். எஞ்சின் சத்தம் மாறவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. மீட்டர் பார்த்துவிட்டது, எஞ்சினும் பார்த்துவிட்டது என்று நம்பினேன். ஐ-94 நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில் முழுசாக மிதித்தேன். 5,000 ஆர்.பி.எம். தாண்டியதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம், இரண்டே நொடி. காலை எடுத்துவிட்டேன். பின்னால் நீலப் புகை.

கடைக்காரர் வண்டியைப் பார்க்கக்கூட வரவில்லை. "மட்டமான பெட்ரோல் ஊற்றியிருப்பீர்கள்" என்றார். 91 ஊற்றிய ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். "எரிபொருளை மாற்றும் முன் எங்களிடம் வந்து டியூன் மாற்றிக்கொள்ளச் சொன்னோமே" என்று அடுத்த பதில் வந்தது. அப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வேறொரு கடையில், முப்பது வருடமாக இதே வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஏழு சிலிண்டரில் கம்ப்ரஷன் அழுத்தம் 170 பி.எஸ்.ஐ.-ஐ ஒட்டி இருந்தது, ஒன்றில் 60. அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. பிஸ்டன் உருகித் தெறித்த பொடி அது. பிரித்துப் பார்த்தபோது முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே பிஸ்டன் சுவர் உடைந்திருந்தது.

அதற்கு மேல்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. எத்தனால் சென்சாரிலிருந்து வந்த ஒயரைக் கையால் பிடித்தபடியே அவர் உள்ளே போனார். அது நேராக டேஷ்போர்டு மீட்டருக்குப் போய் அங்கேயே முடிந்தது. எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. இந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் எத்தனால் சென்சாரே கிடையாது. சிக்னலை உள்ளே கொண்டுபோய், இரண்டு எரிபொருளுக்கும் டேபிள் (அளவு அட்டவணை) எழுதி, நடுவில் கலக்கச் சொல்லித் தருவதுதான் உண்மையான வேலை. அவர்கள் செய்தது இ85-க்கு ஒரே டியூன், பார்வைக்கு ஒரு மீட்டர். வண்டியில் இருந்த டியூனில் எத்தனால் 80 இருந்தாலும் 28 இருந்தாலும் முழு பூஸ்டில் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) டைமிங் 21 டிகிரிதான். என் பழைய 91 டியூனில் அது 15. இன்னொன்றும் செய்திருந்தார்கள்: சூப்பர்சார்ஜர் சத்தத்தை நாக்கிங் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது என்பதற்காக நாக் சென்சாரின் பேச்சையே கம்ப்யூட்டர் கேட்காதபடி அணைத்து வைத்திருந்தார்கள். காவலாளியையும் கட்டிப்போட்டாயிற்று.

பிறகு ஏன் எந்த விளக்கும் எரியவில்லை, வண்டி ஏன் சீராக ஓடியது? இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். எடைக் கணக்கில் பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ85-க்கு 9.8 போதும். அதாவது அதே காற்றுக்கு இ85-ஐ எடைக் கணக்கில் ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். டேங்கில் எத்தனால் குறைந்தால் அந்த டியூன் எரிபொருளை அதிகமாக ஊற்றும். வெளியேறும் புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். கலவை சரியாகிவிடுவதால் வண்டி ஒழுங்காக ஓடும். ஆனால் ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஆக்டேன் தெரியாது. டைமிங்கை அது தொடாது. கலவை சரியாக இருப்பதும் எஞ்சின் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

சூப்பர்சார்ஜரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டர்போ வண்டியில் மட்டமான எரிபொருள் வந்தால் கம்ப்யூட்டரே பூஸ்டைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நமக்கு பூஸ்டைத் தீர்மானிப்பது புல்லியின் அளவு. அது இரும்பு, டியூன் ஃபைலை மாற்றினால் மாறாது. இரண்டு எரிபொருளிலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பெட்ரோல் தாங்கும் புல்லிதான் போட வேண்டும். அல்லது எரிபொருளை மாற்றும்போதெல்லாம் புல்லியையும் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். சின்னப் புல்லியைப் போட்டுவிட்டு "எதையும் ஊற்றலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது எனக்கு இரண்டு தனித்தனி டியூன் போட்டுக் கொடுத்திருக்கிறார், பெரிய புல்லியோடு. மாற்றும் முறையையும் கூடவே நின்று சொல்லிக் கொடுத்தார். டேங்க் கால்வாசிக்கு வரும்வரை ஓட்ட வேண்டும். அதற்குக் கீழே போகக் கூடாது, உள்ளே இருக்கும் பம்ப் எரிபொருளில் மூழ்கியிருந்தால்தான் குளிரும். பெட்ரோலிலிருந்து இ85-க்கு என்றால் நிரப்பிய இடத்திலேயே இ85 டியூனை ஏற்றிவிட வேண்டும். பழைய டியூனோடு கிளம்பினால் எரிபொருள் போதாமல் போகும். இ85-இலிருந்து பெட்ரோலுக்கு என்றால் நிரப்பியதும் சில மைல் மெதுவாக, பூஸ்டே இல்லாமல் ஓட்டி, குழாயில் தங்கிய பழைய எரிபொருள் தீர்ந்து மீட்டர் இறங்கியபின் பெட்ரோல் டியூனை ஏற்ற வேண்டும். மெதுவாகப் போகும்போது எரிபொருள் கொஞ்சம் அதிகமாகப் போவதால் கெடுதல் இல்லை, போதாமல் போவதுதான் கெடுதல். எந்தத் திசையில் மாற்றினாலும் முதல் டேங்க் முடியும்வரை முழுசாக மிதிக்கக் கூடாது. ஒரே நிரப்பலில் எரிபொருள் மாறிவிடாது: 4 கேலன் இ10 மேல் 12 கேலன் இ80 ஊற்றினால் 62.5-தான் வரும். இரண்டாவது நிரப்பலில்தான் 75 தாண்டும்.

இ85 என்ற பெயரையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகக் குளிர்காலத்தில் குறைத்துவிடுவார்கள். அதே பங்கு, அதே குழாய், அதே எழுத்து, உள்ளே வேறு சரக்கு. அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லி தண்ணீர், 50 மில்லி எரிபொருள் ஊற்றி, மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் விடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும், பெட்ரோல் மேலே மிதக்கும். கீழ்ப் படலம் 90-இல் நின்றால் 50-க்கு 40 எத்தனால், அதாவது ஏறத்தாழ 80 சதவீதம். நான் இப்போது ஒவ்வொரு நிரப்பலுக்கும் இதைச் செய்கிறேன். ஐந்து நிமிட வேலை.

எஞ்சினைச் சரிசெய்ய எனக்கு 9,000 டாலருக்கு மேல் ஆனது. கார்டில் கட்டிய பாதிப் பணத்துக்கு வங்கியில் புகார் கொடுத்துத் திரும்பப் பெற்றேன். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு என் கையில் இருப்பது அந்த "எரிபொருள் வேலை" ரசீதுதான். மினசோட்டாவில் கன்சிலியேஷன் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். போட்டிருக்கிறேன், தேதிக்குக் காத்திருக்கிறேன். ஒயர் மீட்டரோடு முடிவதைக் காட்டும் படங்களும் பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கையும் கையில் உள்ளன.

தம்பியிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். பெட்ரோலில் ஒன்று, இ85-இல் ஒன்று என்று டைமிங் தெரியும் இரண்டு டைனோ லாக், டியூன் தாங்கும் குறைந்தபட்ச எத்தனால் சதவீதம், நாக் சென்சார் வேலை செய்கிறது என்ற உறுதி, இந்த மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். கேட்டார். மூன்று நாள் பதில் இல்லை, நான்காம் நாள் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே எங்கேயாவது இப்படி மீட்டர் போட்டுக்கொண்டவர்கள் தயவுசெய்து இன்றைக்கே சென்சாரிலிருந்து கிளம்பும் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மீட்டரிலேயே முடிந்தால், பார்த்துச் சரிசெய்யும்வரை பூஸ்டில் மிதிக்காதீர்கள்.