கேமரா பை: முதுகிலா, தோளிலா, இல்லை சாதாரணப் பைக்குள்ளேயா?

கேமராவுக்கென்றே செய்த முதுகுப்பை ஒன்றை ஆறு வருடம் சுமந்துவிட்டு, போன மார்கழியில் அதை ஓரங்கட்டினேன். அதற்குப் பதில் எதை வாங்குவது என்று இரண்டு மாதம் அலைந்தேன். கடைகளில் தூக்கிப் பார்த்தேன், நண்பர்களிடம் இரவல் வாங்கித் திரிந்தேன். கடைசியில் நான் வாங்கியது முழுப் பைகூட இல்லை. ஸ்பாஞ்ச் தடுப்புகள் வைத்த ஓர் உள்பை மட்டும். அதை வீட்டில் கிடந்த சாதாரண முதுகுப்பைக்குள் இறக்கிவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த முடிவு சரிதான் என்று படுவதால் எழுதுகிறேன்.

முதலில் என் சுமையைச் சொல்லிவிடுகிறேன். நிக்கான் டி7500 கேமரா பேட்டரியோடு 720 கிராம். 18-140 மி.மீ. லென்ஸ் 490 கிராம், 35 மி.மீ. லென்ஸ் 200 கிராம். பறவைகளுக்கான 200-500 மி.மீ. லென்ஸ் மட்டும் 2,300 கிராம். மொத்தம் 3 கிலோ 710 கிராம். குளிர்காலத்தில் வேடந்தாங்கலும் பழவேற்காடும், மற்ற மாதங்களில் மயிலாப்பூரும் காசிமேடும்தான் என் இடங்கள். உங்கள் சுமையும் இடமும் வேறு என்றால் கணக்கும் மாறும்.

தோள்பையிலிருந்து தொடங்கலாம். இதன் வரலாறு எனக்குப் பிடித்தமானது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் 1973-இல் தூண்டில் மீன்பிடிப்பவர்களுக்குப் பை தைக்கத் தொடங்கிய நிறுவனம். அந்தப் பைகளைப் புகைப்படக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கேமரா பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் டொம்கே பையை வடிவமைத்தவர் ஒரு செய்தித்தாள் புகைப்படக்காரர். இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: பையைக் கீழே வைக்காமல், பார்க்காமலே கையை விட்டுப் பொருளை எடுக்க வேண்டும். நம் ஜோல்னா பையில் இருக்கும் அதே வசதி. அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் நின்று பாருங்கள், முதுகுப்பையைக் கழற்ற இடமே இருக்காது. தோள்பையை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டு நிற்கலாம், லென்ஸும் மாற்றலாம். ஒரு கேமரா, ஒரு சின்ன லென்ஸ், மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள் என்றால் இதை அடிக்க வேறு பை கிடையாது. என் 3.7 கிலோவை வைத்துக்கொண்டு நடந்தபோது இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. அதோடு அந்த யோசனையை விட்டேன்.

குறுக்கே மாட்டும் ஸ்லிங் பையை நான்கு நாள் இரவல் வாங்கி மட்டுமே பயன்படுத்தினேன், அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தின்போது தரை முழுக்க உப்புத் தண்ணீரும் ஐஸ் கரைசலும். எதையும் கீழே வைக்க முடியாத அந்த இடத்தில் ஸ்லிங் பை அற்புதமாக வேலை செய்தது. முதுகிலிருந்து நெஞ்சுக்கு ஒரே இழுப்பு. ஆனால் குனிந்தால் சரிந்து முன்னால் வந்துவிடுகிறது, 200-500 அதற்குள் நுழையவே நுழையாது.

சரி, கேமரா முதுகுப்பை. பாரம் இரண்டு தோளிலும் சமமாக இறங்கும். இடுப்புப் பட்டை இருந்தால் இன்னும் சுகம். பக்கவாட்டில் டிரைபாட் நிற்கும். முதுகுப் பக்கமாகத் திறக்கும் ரகம் என்றால் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் ஜிப்பில் கை வைக்க முடியாது. சேற்றில் கிடத்தித் திறந்தாலும் தோள்பட்டைகளில் சேறு ஒட்டாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். வெறும் பையே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. அதில் கால் பங்கைப் பையே தின்றுவிடுகிறது.

ஆனால் நான் அதைக் கைவிட்டது எடைக்காக இல்லை, ஈரத்துக்காக.

அதற்கு முந்தைய கார்த்திகையில் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போய்விட்டுத் தூறலில் திரும்பினேன். மழை உறை போட்டிருந்தேன். மழை உறை பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும், முதுகில் படும் பக்கம் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் வழியாக என் வியர்வையும் சட்டையில் இறங்கிய தண்ணீரும் ஸ்பாஞ்சுக்குள் போயிருக்கின்றன. கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. பையை அப்படியே அலமாரி மேல் வைத்தேன். வேலை நெருக்கடியில் பன்னிரண்டு நாள் திறக்கவில்லை. திறந்தபோது மக்கிய வாடை. 35 மி.மீ. லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள். பூஞ்சை.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, லென்ஸுக்குள்ளும் இருக்கும். அவை முளைக்கத் தேவை 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், இருட்டு, அசையாத காற்று, சில நாள் அவகாசம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையின் காற்றே 80 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. இருட்டையும் அசையாத காற்றையும் மூடிய பை கொடுத்துவிடுகிறது. பூஞ்சை வளரும்போது வெளிவிடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் தப்பும், அரித்த பிறகு துடைத்தால் இழை போகும், தழும்பு போகாது. எனக்குப் பாதிதான் தப்பியது. சுத்தம் செய்யக் கொடுத்த பணம் அந்த லென்ஸின் விலையில் கால்வாசி.

அந்தப் பையைக் கழுவிவிடலாம் என்று பார்த்தேன். அங்கேதான் சிக்கல். ஸ்பாஞ்ச் துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது, தனியாக வரவில்லை. நனைத்தால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மூன்று நாள் விடாது. வெயிலில் காய வைத்தாலும் வாடை திரும்பி வந்தது. போதாததற்கு, தண்ணீர் இறங்காமலிருக்க உள்பக்கம் பூசியிருந்த பாலியூரித்தேன் பூச்சு நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பிசுபிசுத்து உரியத் தொடங்கியிருந்தது. ஐந்தாறு வருடமான பழைய குடைகளையும் பயணப் பைகளையும் தடவிப் பாருங்கள், அதே பிசுபிசுப்பு இருக்கும். கேமரா பையில் அது உரிந்தால் தூள் எங்கே போய் ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அடுத்த பையைப் பார்க்கும்போது ஒரே கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தேன்: இதன் உள்பக்கம் முழுசாகக் கழன்று வருமா? பல கேமரா பைகளில் வெல்க்ரோ தடுப்புகள் மட்டும் வரும், சுற்றுச்சுவர் வராது. உள்பையில் எல்லாமே வரும். டென்பா போன்ற நிறுவனங்கள் இதைத் தனியாகவே விற்கின்றன, பெயரில்லாத மலிவு ரகங்களும் உண்டு. நான் கொடுத்தது 1,900 ரூபாய்.

ஸ்பாஞ்சிலும் இரண்டு ரகம் உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போலத் தண்ணீரைக் குடிப்பது ஒன்று. யோகா பாய் போல நுண்ணறைகள் மூடியிருப்பதால் தண்ணீரை உள்ளே விடாதது இன்னொன்று. கடையில் தடுப்பை வெளியே எடுத்து விரலால் அழுத்துங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் முதல் ரகம், விறைப்பாக எதிர்த்தால் இரண்டாவதாக இருக்கலாம். நம் ஊருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அளவு எடுப்பதிலும் கவனம் தேவை. லென்ஸைக் கேமராவில் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். என் 200-500-ஐ மாட்டினால் ஏறக்குறைய 34 செ.மீ. நீளம். அதன் குறுக்களவே 10.8 செ.மீ., முன்பக்க வெளிச்ச மறைப்பான ஹூட்டைத் திருப்பி மாட்டினால் இன்னும் பருமன். நீளத்தை மட்டும் பார்த்து முதலில் ஓர் உள்பையை வரவழைத்து, ஆழம் போதாமல் திருப்பி அனுப்பினேன்.

இப்போது வெளியே போய்த் திரும்பினால் கைப்பிடியைப் பிடித்து உள்பையைத் தூக்கிவிடுகிறேன். கேமராவும் லென்ஸும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய்விடும். அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் இருக்கின்றன, முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். நீல நிற ஜெல்லில் உடலுக்கு ஆகாத கோபால்ட் குளோரைடு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தையே வாங்குகிறேன். நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். தடுப்புகளைப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் நிறுத்துகிறேன். வெளிப்பையை மாதத்துக்கொரு முறை சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போடுகிறேன். பழவேற்காட்டு உப்புக் காற்றில் ஜிப் ரன்னர் இறுகினால், தெருமுனைப் பை தைக்கும் கடையில் மாற்றிவிடலாம். பையே கிழிந்தாலும் வேறு பை, உள்பை அதேதான். இன்னொரு லாபம், மின்சார ரயிலில் போகும்போது இதில் கேமரா இருப்பது யாருக்கும் தெரியாது.

குறைகளும் உண்டு. வெளி ஜிப், பிறகு உள்பை மூடி என்று இரண்டு முறை திறக்க வேண்டும். அந்த இடைவெளியில் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகு ஒன்று மீனோடு எழுந்து போனதைப் படமெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து, பறவை இருக்கும் இடத்துக்குப் போகும்போது கேமராவைக் கையிலேயே வைத்திருக்கிறேன். சாதாரணப் பையின் அடிப்பாகம் மெல்லியது என்பதால் கீழே ஒரு துண்டு யோகா பாயை வெட்டிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் பாட்டில் இந்தப் பைக்குள் எப்போதும் கிடையாது.

கல்யாணம் எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். இரண்டு கேமரா, ஃபிளாஷ், விளக்கு என்று அவர்கள் சுமை வேறு. நான் இரண்டே கல்யாணங்களுக்கு உதவியாளாகப் போயிருக்கிறேன். அங்கே எல்லாவற்றையும் ஒரே பார்வையில் விரித்துக் காட்டிய பெரிய கேமரா முதுகுப்பைதான் வேலையை ஓட்டியது. அவர்கள் அதையே வாங்கட்டும், இரவு வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடட்டும். மலையேறுபவர்களுக்கும் இடுப்புப் பட்டையுள்ள பைதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் தீராதது தோள்பட்டைதான். வீட்டுப் பையின் பட்டை குறுகல், நான்கு கிலோவுக்கு மேல் போனால் அறுக்கிறது. ஜிப் மாற்றிக்கொடுத்த கடைக்காரரிடமே அகலப் பட்டை வைத்துத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். 250 ரூபாய் கேட்கிறார், வேடந்தாங்கல் போவதற்கு முன்னால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.