நல்லாக் கதைச்சவனை நம்பி 285,000 ரூபா குடுத்த கதை

ரூர் போட்டு முந்தநாள் இரவுதான் வீடு வந்து சேர்ந்தம். கோபம் இன்னும் அடங்கேல்லை, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒபீசின்ர பேர் போடேல்லை, தெரிஞ்ச சட்டத்தரணி ஒருத்தர் இப்ப வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள, மேல்மாடியில, கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட ஒரு ரூர் ஒபீஸ். வான், ஹோட்டல், ரிக்கற் எல்லாம் சேர்த்துப் பக்கேஜ் எண்டு விக்கிற இடம்.

கனடாவில இருந்து அக்கா, அத்தான், அவையின்ர மகள் மூண்டு பேரும் மார்கழி லீவுக்கு வந்தவை. அம்மாவுக்கு எழுபது முடிஞ்சுது. முப்பது வருஷம் சரித்திரம் படிப்பிச்ச மனுசி, பொலநறுவையை ஒருநாளும் நேரில கண்டதில்லை. சண்டைக்குள்ள எங்க போறது, பிறகு அப்பாவின்ர வருத்தம், அப்பிடியே காலம் போட்டுது. அதுதான் அனுராதபுரம், சிகிரியா, பொலநறுவை, கடைசியா நிலாவெளிக் கடற்கரையில ரெண்டு இரவு எண்டு கேட்டுப் போனனாங்கள். ஆறு பேர், அஞ்சு நாள், 285,000 ரூபா.

நான் விலையைப் பாத்து ஏமாறேல்லை. அந்த ஒபீஸ்காரன்ர கதையிலதான் விழுந்தனான். அம்மா பொலநறுவை எண்டு வாய் திறக்க முதல், "சோழர் அதைப் பிடிச்சு ஜனநாதமங்கலம் எண்டெல்லோ பேர் வச்சவை, என்னம்மா?" எண்டான். அம்மாவின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும்! 11ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில், வானவன்மாதேவி ஈச்சரம், அது ராஜேந்திர சோழன்ர தாயின்ர பேர் எண்டு ரெண்டு பேரும் மாறி மாறி அரை மணித்தியாலம். இஞ்சித் தேத்தண்ணி வந்துது. பச்சைப் பேனையால பயண ஒழுங்கை எழுதி, வானவன்மாதேவி ஈச்சரத்துக்குக் கீழ ரெண்டு கோடு இழுத்து, பக்கத்தில "2 மணித்தியாலம், அம்மாவுக்காக" எண்டு போட்டான். அந்தத் துண்டு இப்பவும் என்ர பேர்சுக்குள்ள கிடக்கு. "முழுக்காசையும் இப்ப கட்டினா ஹோட்டல் விலை ஏற முதல் போட்டிடலாம் அண்ணை" எண்டான். அவன்ர சோபாவில இருந்தே போனால 285,000 ரூபாவையும் அனுப்பினன். படியிறங்கேக்க அம்மா சொன்னவ, "வாசிச்ச பிள்ளை, ஏமாத்தாது."

காலமை அஞ்சு மணிக்கு வரவேண்டிய வான் எட்டரைக்கு வந்துது. ஏசி இல்லை. அனுராதபுரத்தில ஸ்ரீ மகா போதி அரசமரத்தையும் ருவன்வெலிசாய தூபியையும் வெயிலுக்குள்ள ஓடி ஓடிப் பாத்தம். சிகிரியா கவுண்டரிலதான் முதல் அடி. "நுழைவுக் கட்டணம் உள்ளடக்கம்" எண்டது உள்ளூர் ஆக்களுக்கு மட்டுமாம். அக்காவையிட்ட கனடாப் பாஸ்போர்ட், வெளிநாட்டுக்காரருக்கு ஆளுக்கு 30 டொலருக்குக் குறையாது. பாஸ்போர்ட் கொப்பி மூண்டும் அவனுக்கு வட்ஸ்அப்பில ஒரு மாதத்துக்கு முதலே அனுப்பினது! அத்தான் ஒண்டும் சொல்லாமல் கார்ட்டை எடுத்து நீட்டினார். அந்த மௌனம்தான் எனக்குக் கூடச் சுட்டுது.

பொலநறுவைக்குப் போகவே மத்தியானம் திரும்பிட்டுது. டிரைவர் அண்ணை இரவுக்கு வேறை ஹயர் பிடிச்சு வச்சிருந்தவர். "எனக்கு டீசல் காசு மட்டும்தான் தந்தவர் தம்பி" எண்டார், அவரிலயும் பிழை சொல்லேலாது. அம்மாவுக்குக் கிடைச்சது பத்து நிமிஷம். முழுக்கக் கல்லால கட்டின சின்னக் கோயில், உள்ள லிங்கம். அம்மா செருப்பைக் கழட்டிப்போட்டு சுவரில உள்ளங்கையை வச்சபடி நிண்டவ. வெளியில ஹோர்ன் அடிக்குது. கல் விகாரைப் புத்தர் சிலையள் பாக்கேல்லை, பராக்கிரம சமுத்திரக் குளத்தை வான் யன்னலால பாத்தம்.

நிலாவெளியில ரிசப்சனில நிண்ட பிள்ளை கொம்பியூட்டரை ரெண்டு தரம் தட்டிப்போட்டு, "இந்தப் பேரில புக்கிங் இல்லையே" எண்டுது. இரவு எட்டரை, மழை கொட்டுது. அங்கயே திரும்பக் காசு கட்டி ரெண்டு அறை எடுத்தம். கடலோ, மார்கழி வாடைக்கு மதில் உயரத்துக்கு எழும்புது. புறாமலைத் தீவுக்குப் படகு ஓடேல்லை. கிழக்குக் கடல் சித்திரைக்குப் பிறகுதான் குளிக்கிற மாதிரி அடங்கும் எண்டு யாழ்ப்பாணத்தில பிறந்த எனக்குத் தெரியாததோ? அவன் "கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் அண்ணை" எண்டேக்க ஓம் எண்டு தலையாட்டின எனக்கும் ரெண்டு போடலாம்.

இனி போன் கதை. முதல் நாள், "டிரைவிங்கில நிக்கிறன் அண்ணை, பத்து நிமிஷத்தில எடுக்கிறன்." அடுத்த நாள், "ஹோட்டல்காரர்தான் பிழை விட்டவை." மூண்டாம் நாள், "கணக்குப் பாக்கிற பிள்ளை லீவு, திங்கள் பாப்பம்." பிறகு மெசேஜுக்கு ஒரு சரி அடையாளம் மட்டும்தான் விழுகுது, புளொக் பண்ணிப்போட்டான். நேற்று ஒபீசுக்கு நேரிலயே போனன். அதே இஞ்சித் தேத்தண்ணி தந்த பிள்ளை, "சேர் கொழும்புக்குப் போட்டார், எப்ப வருவார் எண்டு தெரியாது." உள்ள அறையில ஃபான் சுத்துது, கதவுக்கு வெளியில அவன்ர சப்பாத்து! 285,000 ரூபா வாங்கினவன் பத்தடிக்கு அங்கால ஒளிச்சிருக்கிறான். பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினன், அதில பதிவு இலக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நானும் அப்பதான் அதை ஒழுங்காப் பாத்தனான்.

என்ன செய்யவேணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தனான், இப்ப தலை ஓடேல்லை. முழுக்காசும் முதலே கட்டாதேங்கோ. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில பதிவு இருக்கோ எண்டு கேளுங்கோ. ஹோட்டலுக்கு நீங்களே போன் அடிச்சு உங்கட பேரில புக்கிங் இருக்கோ எண்டு உறுதிப்படுத்துங்கோ, ரெண்டு நிமிஷ வேலை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் ஆக்கள் வந்தா ரிக்கற் ஆர் கட்டுறது எண்டதை எழுத்தில வாங்குங்கோ. நுகர்வோர் முறைப்பாட்டுக்கு 1977 எண்ட நம்பருக்குப் போன் அடியுங்கோ.

ஒபீஸ் எதெண்டு கேக்கிற ஆக்கள் இன்பொக்சில வாங்கோ. அம்மாவுக்கு இன்னும் அவனில முழுசாக் கோபம் வரேல்லை, "பொடியனுக்கு என்ன கஷ்டமோ" எண்டு காலமையும் சொன்னவ. திங்கள் திரும்பவும் போறன், இந்தமுறை அத்தானையும் கூட்டிக்கொண்டு.