காது மிஷினுக்கு சிலிக்கா டப்பாவா, கரண்ட் டிரை பாக்ஸா?

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் காது மிஷின் கெடுவதற்குக் கடற்காற்றின் ஈரம் ஒரு காரணம், வேர்வை உப்பு இன்னொன்று. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட டப்பா, கரண்டில் ஓடும் டிரை பாக்ஸ், இரண்டுமே ஈரத்தை எடுக்கும். உப்பை இரண்டுமே எடுக்காது. துடைக்காமல் உலர்த்தினால் உப்பு அப்படியே தங்கி, மறுநாள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேட்டரி தொடும் தகடுகளில் பச்சை பூப்பது இதனால்தான். எனவே எதை வாங்கினாலும், ராத்திரி கழற்றியதும் காய்ந்த மென்துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, பேட்டரிக் கதவு திறந்தபடி மிஷினை மட்டும் டப்பாவுக்குள் வையுங்கள். பேட்டரியும் உள்ளே போனால் அதன் ஈரப்பசையும் வற்றி, சீக்கிரம் செத்துவிடும்.

சிலிக்கா டப்பா விலை மலிவு, புயல் நாளில் கரண்ட் போனாலும் வேலை செய்யும். மூடி இறுகுவது முக்கியம். ஆரஞ்சு மணி பச்சையானாலோ வெளுத்தாலோ அது ஈரத்தால் நிரம்பிவிட்டது. அதற்குமேல் அந்த டப்பா வெறும் டப்பாதான். நம் ஊர் காற்றில் அது எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே நிரம்பும். ஓவனில் சுமார் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மணி மீளும். நீல மணியில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் ஓவனுக்குள் அது போகவே கூடாது. செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலம் பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பியது, நம்பாதீர்கள்.

டிரை பாக்ஸ் மிதமான வெப்பக் காற்றில் சில மணி நேரத்தில் காயவைக்கும். அதிலுள்ள புற ஊதா விளக்கு கிருமிக்கானது, ஈரத்துக்கு அல்ல; அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சார்ஜ் செய்யும் மிஷினென்றால் சூடு ஏற்குமா என்று கையேட்டில் முதலில் பாருங்கள்.

எங்கள் தேர்வு: காதுக்குள் ஒலிபெருக்கி உட்காரும் மெல்லிய வயர் மாடலுக்கும், வேர்வை அதிகம் வடிபவருக்கும் டிரை பாக்ஸ். காதுக்குப் பின்னால் மாட்டும், மோல்டு (காதின் அளவுக்கு வார்த்த அச்சு) வைத்த மாடலுக்கு சிலிக்கா போதும், மணியை ஒழுங்காக மாற்றினால். ஹேர் டிரையர் பசையை இளக்கும், அரிசியில் மாவுத்தூள், இரண்டும் வேண்டாம்.

டப்பா தீர்க்காததும் உண்டு. தண்டையார்பேட்டையில் ஏசி மெட்ரோ ஏறியதும் சத்தம் திடீரென்று அடைபட்டால், மிஷினிலிருந்து மோல்டுக்குப் போகும் டியூபை வெளிச்சத்தில் பாருங்கள்: காதின் சூடான ஈரக்காற்று அதில் குளிர்ந்து, வளைவில் சிறு நீர்த்துளியாய் நிற்கும். மோல்டையும் டியூபையும் மிஷினிலிருந்து கழற்றி, ரப்பர் பம்ப்பால் காற்றடித்து வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் ஈரம் கூடும். டியூப் மஞ்சளாகி விறைத்தால் புதிதாக மாற்ற வேண்டியதுதான். விறைத்த டியூப் சுருங்கி மோல்டை இழுக்கும், விசில் சத்தம் வரும்.

வயர் மாடலில் சத்தம் குறைந்தால் ஈரத்தைச் சந்தேகிக்குமுன் நுனியிலுள்ள குறும்பி வடிகட்டியை மாற்றிப் பாருங்கள். குண்டூசியால் குத்தினால் ஒலிபெருக்கியே போய்விடும். தகட்டில் பச்சை லேசாக இருந்தால், ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தகடு குழி விழுந்திருந்தால் சர்வீசுக்குத்தான் கொடுக்க வேண்டும்.