ஏகேபிகே கடன் ஆலோசனை: தம்பியோடு போய் வந்த அனுபவம்

என் தம்பிக்கு மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன். கார்டுகளுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் கட்டி வந்தான். ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஓடும்போது அசல் எங்கே குறையும்? போன மாதம் ஏகேபிகே ஈப்போ கிளைக்கு அவனைக் கூட்டிப் போனேன். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு இது. ஆலோசனைக்கும் சரி, கடன் நிர்வாகத் திட்டத்துக்கும் சரி, கட்டணம் கிடையாது.

திட்டு விழும் என்று தம்பி பயந்தான். அப்படி எதுவும் இல்லை. ஆலோசகர் சம்பளச் சீட்டையும், வங்கிக் கடன் விவரங்கள் இருக்கும் சிசிரிஸ் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு வரவு செலவை வரி வரியாக எழுதினார். சாப்பாட்டுக்குத் தம்பி ஒரு தொகை சொன்னான். "இதில் ஒரு மாதம் ஓட்ட முடியுமா? கட்ட முடியாத கணக்கு போட்டால் மூன்றாவது மாதமே நின்றுவிடும்" என்று சொல்லி ஏற்றிப் போட்டார். அம்மாவுக்குக் கொடுக்கும் 200 வெள்ளியை அவன் சொல்லவே இல்லை. அவரே கேட்டு அதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு மனசு நிறைந்தது அங்கேதான்.

திட்டத்தில் சேர்ந்தால் வங்கிகளோடு அவர்களே பேசுகிறார்கள். தவணைக் காலம் நீளும், மாதம் கட்டும் தொகை இறங்கும். ஒரே தொகையாகக் கட்டினால் போதும், அவர்கள் பிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் கார்டுகள் ரத்தாகும். சிசிரிஸில் குறிப்பு ஏறும், திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். தம்பிக்கு அதுதான் நல்லது என்பேன். செலவு போக மிச்சமே இல்லாதவர்களும் திவாலானவர்களும் இதில் சேர முடியாது. ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம், வாங்கிய கடனும் இதில் வராது. அதனால் அந்தப் பக்கம் போகும் முன்பே இங்கே வந்துவிடுங்கள்.

ஃபேஸ்புக்கில் ஒருவர், "ஏகேபிகேவில் நான் சேர்த்துவிடுகிறேன்" என்று 1,500 வெள்ளி கேட்டார். கடனில் தவிப்பவனிடம் இப்படிப் பிடுங்குவதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏகேபிகே இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், இடையில் யாரும் வேண்டாம்.

போகும்போது கணவன் மனைவி சேர்ந்தே போங்கள். குழந்தையின் பால் மாவுக்கு எவ்வளவு ஆகிறது என்று தம்பிக்குத் தெரியவில்லை. ஆலோசகரை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட வேண்டியதாயிற்று.