ரயில் நிலைய ரிட்டயரிங் ரூம்: ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கு

வட இந்தியப் பக்கம் ரயிலிலேயே ஊர் ஊராகப் போகிறவர்கள் ஹோட்டல் செயலிகளில் தேடிக் களைத்துப்போவதற்கு முன்னால் ஐஆர்சிடிசி தளத்தில் ரிட்டயரிங் ரூம், அதாவது நிலையத்திலேயே பயணிகள் தங்கும் அறை, இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல், பெட்டியைத் தள்ளிக்கொண்டு நிலையத்துக்குள்ளேயே அறைக்குப் போய்ப் படுக்கும் நிம்மதி இருக்கிறதே, குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அறை பதிவு செய்ய டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண் கட்டாயம் வேண்டும், டிக்கெட் உறுதியானதாகவோ ஆர்ஏசியாகவோ (உட்கார இடம் மட்டும் உறுதியானது) இருக்க வேண்டும், வெயிட்டிங் லிஸ்ட் என்றால் கிடைக்காது. அப்புறம், ஏறும் நிலையத்திலோ இறங்கும் நிலையத்திலோதான் அறை தருவார்கள். அதனால் நடுவில் ஓர் ஊரில் தங்க நினைத்தால் ஒரே நீளமான டிக்கெட்டாக எடுக்காமல் அந்த ஊரோடு ஒரு டிக்கெட்டை முடித்து, அங்கிருந்து இன்னொன்று எடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

வசதி நிலையத்துக்கு நிலையம் மாறும். ஒரு பெரிய சந்திப்பில் ஏசி அறை, வெள்ளை விரிப்பு, வெந்நீர் எல்லாம் சரியாக இருந்தது. இன்னொன்றில் குளியலறைத் தாழ்ப்பாளே விழவில்லை, இரவெல்லாம் அறிவிப்புச் சத்தம் வேறு. பெரிய நிலையங்களில்கூட அறைகள் கொஞ்சம்தான், டிக்கெட் உறுதியான கையோடு பதிவு செய்துவிடுங்கள். நாலைந்து நாள் ஒரே ஊரில் தங்குவதற்கு இது ஒத்துவராது, 48 மணி நேரத்துக்கு மேல் தரமாட்டார்கள்.