கேஷ் ஐசா: 50,270 பவுண்டை நெருங்குவோருக்கு ஏற்ற கணக்கு

பிரிட்டனில் ஆண்டு வருமானம் 50,270 பவுண்டை ஒட்டி இருப்பவர்களுக்கு, வட்டி சற்றுக் குறைந்தாலும் கேஷ் ஐசாவையே, அதாவது வட்டிக்கு வரியே இல்லாத சேமிப்புக் கணக்கையே, பரிந்துரைக்கிறோம். சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டி சம்பளத்தோடு கூட்டப்படும். மொத்தம் 40 சதவீத வரி தொடங்கும் அந்த 50,270 எல்லையைத் தாண்டினால், வரியில்லா வட்டிக்கான சலுகை 1,000 பவுண்டிலிருந்து 500 ஆகக் குறைந்துவிடும். பலர் கவனிக்காதது இதைத்தான்.

சம்பளம் 49,900, வட்டி 900 என்று வையுங்கள். மொத்தம் 50,800. சலுகை 500 போக, மீதி 400க்கும் 40 சதவீதம், அதாவது 160 பவுண்ட் வரி. அதே பணம் ஐசாவில் இருந்தால் அந்த வட்டி வருமானக் கணக்கிலேயே சேராது. ஸ்காட்லாந்தில் சம்பளத்துக்குத் தனி விகிதங்கள் உண்டு. வட்டிக்கு அங்கும் இதே எல்லைதான்.

2025-26இல் ஐசாவில் போடக்கூடியது 20,000 பவுண்ட். வேறு வங்கிக்கு மாறும்போது பணத்தை நீங்களே எடுக்காதீர்கள், வரிவிலக்கு போய்விடும். புதிய வங்கியின் மாற்றல் படிவத்தை நிரப்புங்கள், அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் இரண்டாண்டு வைப்பு, ஐசாவுக்கு வெளியே, எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு மோசமான தேர்வு. இரண்டு வருட வட்டியும் ஒரே வரியாண்டில் விழும்.

ஏற்கெனவே தாண்டிவிட்டீர்களா? வரியாண்டு ஏப்ரல் 5இல் முடிவதற்குள் தனிநபர் ஓய்வூதியத்தில், மேலே சொன்ன உதாரணத்துக்கு என்றால் 424 பவுண்ட், கட்டுங்கள். வரிச்சலுகை சேர்ந்து 530 ஆகும், எல்லையும் அந்த அளவுக்கு உயர்வதால் அந்த 160 வரியும் நீங்கும். கட்டியதை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.